பல்பொடி டப்பாவில் 64 மிளகாய் விதைகள்!

மாடித்தோட்டம் பழகலாம் - 14

இந்தத் தொடரை ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அதிகமாக வந்த சந்தேகம் ரோஜாவைப் பற்றியோ கறிவேப்பிலையைப் பற்றியோ இல்லை. மிளகாயைப் பற்றித்தான். விதை முளைக்கவே இல்லை என்பார்கள். முளைத்தது, இரண்டே நாளில் சாய்ந்துவிட்டது என்பார்கள். நாற்று நெட்டையாக வளர்ந்து நூல் மாதிரி இருக்கிறது என்பார்கள்.

இத்தனை வாரமாக இதைத் தள்ளிப்போட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த மூன்று தப்பையும் நானும் செய்திருக்கிறேன். அதுவும், திரும்பக் கிடைக்காத விதையை வைத்துக்கொண்டு!

ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். குண்டு மிளகாய் மண். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை எங்கள் டெஸ்க்கில் நான்தான் பதிவேற்றினேன். அன்றைக்கு அப்பத்தாவுக்கு போன் போட்டுச் சொன்னால், "அதுக்கு எதுக்குத் தாயி சர்ட்டிபிகேட்டு? ஒரு வத்தலைக் கிள்ளி எண்ணெயில போட்டா தெரியப்போவுது" என்றார்.

அந்த அப்பத்தா போன வருஷத்துக்கு முந்தின புரட்டாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். காரியம் முடிந்து வீட்டை ஒழிக்கும்போது, அடுப்படி மாடத்தில் ஒரு பழைய பல்பொடி டப்பா கிடைத்தது. திறந்தால் அடுப்புச் சாம்பல். கொட்டப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டார். "இருடி, அது அத்தையோட விதை."

டீ வடிகட்டியில் சலித்து எண்ணினோம். 64 விதைகள்.

"கடையில குண்டு மிளகாய் கிலோ கிலோவா கிடைக்குதே, இதுக்கு ஏன் இந்தப் பாடு?" என்று தம்பி கேட்டான். கேள்வி நியாயம்தான். ஆனால், அப்பத்தா ஒவ்வொரு வருஷமும் விதைக்கென்று தனியாகச் செடி பார்த்துவைப்பார். முதல் பறிப்பும் கடைசிப் பறிப்பும் வேண்டாம். நடுப் பறிப்பில், நோயில்லாத செடியில், நன்றாகப் பழுத்த பழம். அந்தச் செடியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவைப்பார். அப்படி எத்தனை வருஷம் பொறுக்கிய விதையோ! கடையில் கிடைப்பது குண்டு மிளகாய். இது அப்பத்தாவின் குண்டு மிளகாய்.

முதல் 20: ஆழமும் அடைமழையும்

சென்னைக்கு வந்ததும் அவசரம். ஐப்பசி மழையில், பெரிய க்ரோ பேக்கில் விரலால் ஓர் அங்குலம் குழி போட்டு 20 விதைகளைப் போட்டேன். ஒரு மாதம் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை.

இப்போது யோசித்தால் எல்லாமே தப்பு. மிளகாய் விதை மெல்லிசான தட்டை விதை. அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போனால் மேலே வரத் திணறும். பையில் தண்ணீர் தேங்கினால் விதை அழுகும். அதோடு இந்த விதைக்குச் சூடு வேண்டும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்ல விதை 7 முதல் 14 நாளில் முளைத்துவிடும். மழையில் குளிர்ந்து ஊறிய மண்ணில் அது நடக்காது.

இரண்டாவது 20: பாசத்தில் ஊற்றிய தண்ணீர்

அடுத்த தையில் குழித்தட்டு வாங்கி, கோகோபீட்டும் மண்புழு உரமும் கலந்து, 20 விதைகளைப் போட்டேன். இந்த முறை 4 முளைத்தன! வீடே கூடி நின்று பார்த்தது. ஆபீஸ் போகும் முன் தண்ணீர், நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் தண்ணீர். நான் இல்லாத நேரத்தில் அம்மா ஒரு தடவை.

ஐந்தாம் நாள் காலையில் நான்கும் படுத்துக் கிடந்தன. இலை பச்சையாகவே இருந்தது. தண்டு மட்டும் மண்ணை ஒட்டிய இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டியதுபோல ஒடுங்கிக் கறுத்திருந்தது. இதற்குப் பெயர் நாற்றழுகல். ஈரம் அதிகமாகி, காற்றோட்டமும் குறைந்தால் மண்ணில் இருக்கும் பூஞ்சைகள் இளந்தண்டைத் தாக்கும். சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற வழியே இல்லை. வராமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

அன்றைக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில் வைத்தார். உள்ளே 24 விதைகள்.

கடை வத்தலில் ஒத்திகை

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மளிகைச் சாமானில் வந்த மிளகாய் வத்தலை உடைத்து, அந்த விதையில் பழகிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கெட்டுப்போனாலும் நஷ்டம் இல்லை.

முதலில் முளைப்புச் சோதனை. 10 விதைகளை ஈரமான பருத்தித் துணியில் பரப்பி, மடித்து, மூடி போட்ட டப்பாவில் வைத்தேன். துணி ஈரமாக இருக்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. பத்து நாளில் 7 முளைத்தன. உங்கள் கையில் இருக்கும் விதை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. பத்துக்கு இரண்டு மூன்றுதான் முளைக்கிறது என்றால், வேண்டியதைப்போல நான்கு மடங்கு விதையுங்கள்.

ஒரு விஷயம். கடை வத்தல் ஒட்டுரக, அதாவது ஹைபிரிட் செடியில் காய்த்ததாக இருந்தால், அதன் விதையில் வரும் செடிகள் தாயைப்போல இருக்காது. ஒன்று நீளமாகக் காய்க்கும், ஒன்று குட்டையாகக் காய்க்கும். சமையலுக்குப் பரவாயில்லை. ஆனால் விதை எடுத்து வைக்க நினைத்தால் நாட்டு ரகமாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.

இந்த ஒத்திகையில்தான் மூன்றாவது தப்பையும் செய்தேன். மழைக்குப் பயந்து நாற்றுகளை ஹாலில் ஜன்னல் ஓரம் வைத்தேன். வெளிச்சம் போதாமல் அவை ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்து, வெளிறி, நெட்டையாக நீண்டன. பதறிப்போய் ஒரே நாளில் மொட்டை மாடி வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலம் இலையெல்லாம் வெந்துபோயிருந்தது.

மண்ணுக்குள் இருக்கும் வரை விதைக்கு வெளிச்சம் தேவையில்லை. தலை வெளியே வந்த நிமிஷத்திலிருந்து வெளிச்சம்தான் சாப்பாடு. ஆனால் உச்சி வெயிலைத் தாங்க அதற்கு ஒரு வாரம் பழக்கம் வேண்டும்.

இனி முறையாக... 40 நாள் கணக்கு

நான்கு மாத ஒத்திகையில் தேறிய முறை இதுதான். வசதிக்கு நாள் கணக்கில் தருகிறேன்.

முதல் நாள்: பேப்பர் டீ கப், கொட்டாங்குச்சி, குழித்தட்டு எதுவும் சரி. அடியில் ஓட்டை அவசியம். கோகோபீட் கட்டியாக வாங்கினால், ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள், அதில் உப்பு இருக்கும். அதோடு சம அளவு சலித்த மண்புழு உரம் சேர்த்தால் போதும். விதையில் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா விரிடி பொடியைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். நாற்றழுகலுக்கு இது முதல் காவல். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் கப்புக்கு இரண்டு விதை.

முளைக்கும் வரை: ஈர நியூஸ்பேப்பரால் மூடி, வீட்டில் கதகதப்பான இடத்தில் வையுங்கள். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன் மேல் கப்புகளை வைக்கலாம். ஒரு முளை தெரிந்தாலும் பேப்பரை எடுத்துவிடுங்கள்.

முளைத்த பிறகு: நேர் வெயில் படாத, நல்ல வெளிச்சமான இடம். மேல்மண் லேசாகக் காய்ந்து நிறம் மாறிய பிறகே தண்ணீர். மேலிருந்து ஊற்றாமல், கப்பை ஒரு தட்டுத் தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்தால் கீழிருந்தே குடித்துக்கொள்ளும். கை சும்மா இருக்காது, ஊற்றச் சொல்லும். கேட்காதீர்கள்!

நிஜ இலைகள் வந்ததும்: முதலில் விரியும் இரண்டும் வித்திலைகள். அதற்குப் பிறகு வருவதுதான் மிளகாய் இலை. கப்பில் இரண்டு நாற்று இருந்தால் திடமானதை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

30-ம் நாளுக்கு மேல்: காலை வெயிலில் ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து, தினமும் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரத்தில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

35 முதல் 40 நாளில்: செடிக்கு ஒரு பை என்ற கணக்கில் 12 அங்குல க்ரோ பேக். செம்மண், தொழு உரம், கோகோபீட் மூன்றும் சம பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. சாயங்காலம் நடுங்கள். இரண்டு நாள் நிழல் கொடுங்கள்.

கடைசி 24

ஆடியில் டப்பாவை மறுபடி இறக்கினோம். இந்த முறை நேராக மண்ணுக்குப் போகவில்லை. 24 விதைகளையும் ஈரத்துணியில் வைத்தோம். முளைத்ததை மட்டும் கப்புக்கு மாற்றுவதாக ஏற்பாடு.

எட்டாம் நாள் ஒன்றும் இல்லை. பத்தாம் நாளும் இல்லை. அப்போதுதான் அம்மா கணக்குப் போட்டார். முழங்கால் வலியில் அப்பத்தா காட்டுக்குப் போவதை நிறுத்தி, அவர் சாகும்போதே மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்படியென்றால் இந்த விதைக்கு நான்கு வயதாவது இருக்கும். மிளகாய் விதையைச் சாதாரணமாக வீட்டில் வைத்தால் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் முளைப்புத் திறன் வேகமாகக் குறையும். சாம்பல் ஈரத்தை உறிஞ்சி விதையைக் காக்கும். ஆனால் வயதை நிறுத்தாது. முதல் 20 முளைக்காததில் என் தப்பு பாதி என்றால், வயதும் பாதி.

பதினோராம் நாள் ஒரு விதையில் வெள்ளையாக ஊசி முனை அளவுக்கு வேர். பதினாலாம் நாள் இன்னொன்று. பத்தொன்பதாம் நாள் மூன்றாவது. அவ்வளவுதான். மீதி 21 விதைகளை ஒரு மாதம் வரை வைத்திருந்து, பிறகு துளசி மாடத்தில் போட்டுவிட்டார் அம்மா.

மூன்றில் ஒன்றை, கப்பிலிருந்து பைக்கு மாற்றிய நான்காம் நாள், அணில் தோண்டிப்போட்டது. இரண்டாவது நன்றாக வளர்ந்து, மொட்டு விடும் நேரத்தில் இலை சுருட்டியது.

இலை சுருட்டினால் பதறாமல் முதலில் திசையைப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகுபோல மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்தால் மஞ்சள் சிலந்தி. இரண்டும் கண்ணுக்கு லேசில் தெரியாத பூச்சிகள். இலைக்கு அடிப்பக்கம் படும்படி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து, சாயங்காலத்தில் வாரம் ஒருமுறை தெளித்தால் ஆரம்பத்திலேயே அடங்கும். ஆனால் இலை மஞ்சளாகச் சிறுத்து, கொத்துக் கொத்தாக, செடியே குட்டையாகிப் போனால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது. பக்கத்துச் செடிக்குப் பரவும் முன் பிடுங்க வேண்டும்.

எங்கள் செடிக்கு வந்தது இரண்டாவது வகை. பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அம்மாதான் பிடுங்கினார். "ஒண்ணைக் காப்பாத்த ஒண்ணை விடணும். அத்தையா இருந்தா நேத்தே பிடுங்கியிருக்கும்."

ஒற்றைச் செடி

மிஞ்சியது ஒன்று. நட்டு 40 நாள் சுமாரில் பூ வந்தது. முதல் பூக்கள் உதிர்ந்தன. சென்னையின் புரட்டாசி வெயில் அப்படி. கடும் சூட்டில் மிளகாய் பூவை உதிர்ப்பது சகஜம். பச்சை நிழல்வலையை மேலே கட்டி, மண் மேல் காய்ந்த இலைச் சருகு பரப்பியதும் பூ நின்றது.

அடுத்த கவலை, எதிர் மாடி அக்கா வைத்திருக்கும் நீளப் பச்சை மிளகாய்ச் செடிகள். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியதுதான். ஆனாலும் தேனீ, எறும்பு மூலமாகப் பக்கத்துச் செடி மகரந்தம் கலக்க வாய்ப்பு உண்டு. கலந்தால் இந்த வருஷக் காயில் வித்தியாசம் தெரியாது. அதன் விதையில் வரும் அடுத்த செடியில்தான் தெரியும். அதனால் விதைக்கென்று ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, பூ விரியும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டினேன். தினமும் காலையில் பையை விரலால் மெல்லத் தட்டினேன். பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்து, அந்தக் காம்புகளில் அப்பத்தாவின் சேலை நூலைக் கட்டினோம்.

கார்த்திகை மழையில் பையைத் தூக்கி சன்ஷேடுக்கு அடியில் வைப்பதும், வெயில் வந்தால் வெளியே எடுப்பதுமாக ஒரு மாதம். மார்கழியில் பழுத்தது. செர்ரிப் பழம் மாதிரி குண்டாக, அடர் சிவப்பில் ஆறு பழங்கள். நாலில் நூல் இருந்தது. இரண்டில் இல்லை.

நூல் கட்டிய நாலையும் நிழலில் உலர்த்தி விதை எடுத்தோம். அப்போது வெறும் கையோடு உட்கார்ந்து, கண்ணைக் கசக்கி, அரை நாள் அழுதேன். மிளகாயின் காரம் விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைச் சதையில்தான் கேப்சைசின் என்ற பொருள் உற்பத்தியாகிறது. அது தண்ணீரில் கரையாது. கையைத் தண்ணீரில் கழுவினால் போகாது. முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போட வேண்டும். பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டால் இந்த அழுகையே தேவையில்லை. பறவைகளுக்கு இந்தக் காரம் உறைக்காது. அவை நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு விதையை வேறு இடத்தில் போட்டுவிடும். மிளகாய் காட்டில் பரவியதே அப்படித்தான். எங்கோ அமெரிக்கக் கண்டத்தில் இருந்த செடி, போர்ச்சுக்கீசியர் மூலம் இந்தியா வந்து, மிளகின் காரம் கொண்ட காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வாங்கி, முதுகுளத்தூர் அடுப்படி மாடம் வரைக்கும் வந்திருக்கிறது.

எடுத்த விதைகளை ஒரு வாரம் நிழலில் காயவைத்தோம். வளைத்தால் ஒடிய வேண்டும், அதுதான் பதம். எண்ணினால் 212. மூன்று பொட்டலம் போட்டோம். ஒன்று ஊரில் சித்தப்பாவுக்கு. ஒன்று எதிர் மாடி அக்காவுக்கு. ஒன்று காற்றுப் புகாத பாட்டிலில், தேதி எழுதி, பிரிட்ஜில். ஒரே இடத்தில் வைத்தால் ஒரே நாளில் போய்விடும் என்பதை 64 விதைகள் சொல்லிக்கொடுத்துவிட்டன.

நூல் கட்டாத இரண்டையும் வத்தலாக்கி, பொங்கலுக்கு மறுநாள் அம்மா புளிக்குழம்பு தாளித்தார். முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுச் சொன்னார்: "காரம் இருக்கு. வாசம் ஊர் அளவுக்கு இல்ல. கரிசக்காட்டுல வானம் பாத்து வெளையுறதும் பையில வெளையுறதும் ஒண்ணாயிருமா? அத்தை இருந்திருந்தா, 'தண்ணிய ஊத்திக் கெடுத்துட்டீக'ன்னு திட்டியிருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கல்யாணமாகி வந்ததுலருந்து என்னைத் திட்டாத நாளில்ல. ஆனா வருஷா வருஷம் முதல் பறிப்பு வத்தல் எனக்குன்னுதான் தனியாக் கட்டி வச்சிருக்கும்" என்றார்.

அப்பா ஒன்றும் பேசாமல் இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவப் போகும்போதுதான் கேட்டார். "அடுத்த வெதைப்பு எப்போ?"

இப்போதுதான் தை. தை, மாசி மிளகாய் விதைக்கத் தோதான பட்டம். விட்டால் அடுத்தது ஆனி, ஆடி. அதையும் விட்டால் புரட்டாசி. உங்கள் வீட்டு மாடத்திலும் யாரோ பொறுக்கி வைத்த விதை ஒன்று இருக்கலாம். இருந்தால், முதலில் அதன் வயதை விசாரியுங்கள். ஒத்திகையைக் கடை வத்தலில் பாருங்கள். பிறகு பத்து விதையை மட்டும் ஈரத்துணியில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் நேற்று 12 கப் நிரப்பியாகிவிட்டது. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு இனி அப்பாவுக்கு. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

(அடுத்த வாரம்: கோடைக்கு முன் மாடியில் நிழல்வலை... எந்தச் செடிக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?)